சைலன்சருக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் துண்டு

என் வீட்டுக்காரர் வாழ்நாளில் நான்கு மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். நான்கும் ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு நிறம். கம்பெனியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர் அதற்குச் சம்பளம் வாங்காமல் செய்த விளம்பரமே போதும். பெட்ரோல் பங்கில், கல்யாண வீட்டில், ஏன், கல்லறைத் தோட்டத்தில்கூட யாராவது வேறு கம்பெனி வண்டியைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மனிதருக்கு முகம் சுண்டிவிடும்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அவருடைய அப்பாவும் அம்மாவும் பஸ்ஸில் வந்து இறங்கி வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். பின்னாலேயே வந்தவர், எங்கள் வீட்டு வாசலில் இருந்த ஒரே புளிய மர நிழலில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார். பெற்றவர்களை நிழலுக்கு வரச்சொல்ல வேண்டும் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்துவிட்டேன். சிரித்தது சம்மதமாகிவிட்டது.

அது அறுபதுகளின் நடுப்பகுதி. எங்கள் இரண்டு குடும்பமும் மாகறல் பக்கத்துச் சேரிகளைச் சேர்ந்தவை. முந்தின தலைமுறை வரை பிறர் வயலில் கூலி வேலை. மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் நாலு எழுத்துப் படித்த பிறகு ஆளுக்கு ஒரு தொழிலாகப் பிரிந்துவிட்டோம். என் அண்ணன் செங்கல்பட்டில் வாத்தியார் ஆனான். இவர் பம்ப்செட் மெக்கானிக் ஆனார். கிராமங்களுக்கெல்லாம் கரண்ட் வந்து, கிணற்றுக்குக் கிணறு மோட்டார் போட்டுக்கொண்டிருந்த காலம். ஓரிக்கையிலிருந்து திருமுக்கூடல் வரை எந்தக் கிணற்றில் மோட்டார் நின்றாலும் இவருக்குத்தான் ஆள் வரும். பயிர் வாடும் முன்னே போயாக வேண்டும். ஸ்பேனர் பையை டாங்க்கின் மேல் மாட்டிக்கொண்டு, எரிந்துபோன மோட்டாரைப் பின் சீட்டில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வருவார். பழுதான மோட்டார் உட்கார்ந்து வந்த நாட்களைவிட நான் அந்தச் சீட்டில் உட்கார்ந்து போன நாட்கள் குறைவு.

குடித்தனம் காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்து நெசவாளர் தெரு ஒன்றில். கல்யாணமாகி வந்த மறுநாள் விடிகாலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தவள், செம்போடு அப்படியே நின்றுவிட்டேன். தெருவின் நீளத்துக்கு இளம் பச்சை நிறத்தில் பட்டு நூல் விரிந்து, இடுப்பு உயரத்தில் மூங்கில் கழிகளின் மேல் நின்றிருந்தது. இரண்டு பக்கமும் ஆணும் பெண்ணுமாக நின்று, கஞ்சி தோய்த்த நூலை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். பாவு என்றார்கள். சேலையின் நீளவாட்டு இழையெல்லாம் அதுதான். வெயில் ஏறும் முன்னே கஞ்சி போட்டு, அறுந்த இழையை முடிந்து, காயவைத்துச் சுருட்டிவிட வேண்டும். அதுவரை தெரு அவர்களுடையது. மாட்டு வண்டி சந்து வழியாகச் சுற்றிப் போகும். சைக்கிள்காரன் இறங்கித் தள்ளிக்கொண்டு போவான். என் வீட்டுக்காரர் மட்டும் வண்டியை உதைத்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு, பாவின் ஓரமாக மெள்ள ஊர்ந்து போவார். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. புதுப்பெண்ணான எனக்கு அதில் ஒரே பெருமை.

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காரணம் தெரியாமல் எதையும் விடமாட்டேன். எதிர் வீட்டில் ஏன் இன்றைக்குச் சமையல் நேரமாகிறது என்பதுகூட எனக்குத் தெரிந்தாக வேண்டும். அப்படிப்பட்டவள், கட்டின புருஷன் ஒரு கம்பெனி வண்டியை மட்டும் கண்ணில் ஒற்றிக்கொள்வது ஏன் என்று கேட்காமல் இருப்பேனா?

கேட்டேன். “வெயிட்டுமா அது. பாலாத்து மணல்ல போனா புடிச்சி நிக்கும்” என்றார். சரி என்று நம்பினேன். அடுத்த மாதம் திருமுக்கூடலில் ஒரு கல்யாணத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஆற்று மணலில் இறங்கியதும் வண்டி அந்த வெயிட்டோடு அச்சு வரை புதைந்துவிட்டது. பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் பின்னாலிருந்து தள்ள, வேறு கம்பெனி வண்டியில் ஒருவன் எங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டே அலுங்காமல் தாண்டிப் போனான். அதற்கப்புறம் மணல் என்கிற காரணத்தை அவர் எடுக்கவில்லை.

என் அப்பாவிடம் ஸ்பேர் பார்ட்ஸ் சுலபமாகக் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார். சாமான் வாங்கப் போகிற சாக்கில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் விசாரித்தேன். மோட்டார் சைக்கிள் செய்வதே மூன்று கம்பெனிதான், மற்ற இரண்டு கம்பெனிச் சாமானும் எப்போதும் இருக்கும், இதற்குத்தான் மெட்ராசுக்கு ஆள் போக வேண்டும் என்றார் கடைக்காரர். மாதா கோயில் சாமியார் கேட்டதற்கு, அதன் சத்தம் பிடிக்கும் என்று சொன்னாராம். எங்கள் பெரிய பெண்ணிடம், அந்த வண்டிக்கு அப்பாவை அடையாளம் தெரியும் என்று சொல்லிவைத்திருந்தார். ஆளுக்கு ஒரு காரணம். உண்மையான காரணம் ஒன்று இருந்தால் மனிதன் இத்தனை சொல்லமாட்டான் என்று எனக்குத் தோன்றியது. இந்த ஊரில் யானை நெற்றியில் எந்த நாமம் போடுவது என்று தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டார்கள். அதே ஊர்த் தண்ணீரைக் குடித்து இவருக்கும் ஒரு கம்பெனி நாமம் ஒட்டிக்கொண்டது என்று அண்ணனிடம் சொல்லிச் சிரிப்பேன்.

இன்னொரு விநோதமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும், வண்டியை ஓடவிட்டு, சைலன்சருக்குப் பின்னால் குந்திக்கொண்டு ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் பிடிப்பார். கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். முகர்ந்தும் பார்ப்பார். மற்றவர்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று கழுத்தைத் தொட்டுப் பார்ப்பதில்லையா, அதுபோல என்று நான் கண்டுகொள்ளாமல் விட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கைக்குட்டையைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அந்த மாதமே வண்டியை விற்றுவிட்டார்.

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. வாங்க வந்தவன் ஓட்டிப் பார்த்துவிட்டு ஏன் விற்கிறீர்கள் என்று அவனே கேட்டான். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். இவ்வளவு பிரியம் வைத்த மனிதர் எதற்காக விற்க வேண்டும்? விற்றவர் எதற்காகப் பழையபடி அதே கம்பெனி வண்டியை வாங்க வேண்டும்?

இரண்டாவது வண்டி வந்த அன்று முதலில் மாதா கோயிலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்தோம். தெருவுக்குள் வந்ததும் எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் ஒரு வெள்ளைத் துண்டோடு நின்றிருந்தார். அவரும் நெசவாளர்தான். வீட்டுக்குள் தெலுங்கு, எங்களிடம் தமிழ். அவரை அண்ணே என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவோம். அந்த அண்ணன் துண்டை இரண்டு கையாலும் விரித்து, ஓடுகிற வண்டியின் சைலன்சருக்குப் பின்னால் பிடித்தார். தெருவே கூடி நின்றது. வாயில் போட்ட வெற்றிலை தீருகிற நேரம் பிடித்திருந்துவிட்டு, துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தலையை ஆட்டினார். எல்லாரும் கலைந்து போனார்கள்.

இது நெசவாளர்கள் திருஷ்டி கழிக்கிற முறை என்று நான் முடிவு கட்டிவிட்டேன். நாம் தண்ணீர் தெளிக்கிறோம், அவர்கள் துண்டு பிடிக்கிறார்கள், அவரவர் வழக்கம். நம் வண்டிக்காக இவ்வளவு செய்கிறார்களே என்று நெஞ்சு நெகிழ்ந்துபோய், அடுத்த தடவைக்கு ஆகட்டும் என்று ஒரு வெள்ளைத் துண்டு வாங்கி, நான்கு ஓரத்திலும் சிவப்பு நூலில் பூ வேலை செய்து அக்காவிடம் கொடுத்தேன். அக்கா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

எழுபதுகளில் ஒரு நாள் காலை, அந்த வண்டி அவரைத் திருப்பி உதைத்துவிட்டது. கிக்கரை மிதிக்கும்போது எஞ்சின் எதிர்ப்பக்கமாகத் தள்ளினால் அது சட்டென்று எகிறிக் காலில் அடிக்கும். அந்தக் கனமான வண்டியின் அடி வலது முழங்காலில் இறங்கியது. பெரியாஸ்பத்திரி டாக்டர் கட்டுப் போட்டார். பல வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது, நடக்கலாம், வண்டியில் உட்கார்ந்து போகலாம், ஆனால் இந்த வண்டியை உதைக்கிற வேலையை மறந்துவிட வேண்டும், இன்னொரு அடி பட்டால் கால் மடங்காது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அதற்குள்ளாகவே தொழில் கை நழுவத் தொடங்கியிருந்தது. வயலில் தண்ணீர் இல்லாதவன் எத்தனை நாள் காத்திருப்பான்? பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாகக் கடை போட்ட மெக்கானிக்கிடம் ஓரிக்கைக்காரர்கள் போகிறார்கள் என்று காதில் விழுந்தது. இரண்டு பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். இவருக்கு வண்டி இல்லாவிட்டால் எங்களுக்கு அடுப்பு இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. அப்போதுதான் என் அண்ணன் ஸ்கூட்டர் வாங்கப் போவதாகவும், தன்னுடைய மோட்டார் சைக்கிளை மச்சான் எடுத்துக்கொள்ளட்டும் என்றும் சொல்லியனுப்பினான். அது வேறு கம்பெனி. லேசானது. குழந்தை மிதித்தாலும் கிளம்பும். கும்பிடாத சாமி குறுக்கே வந்து நின்ற மாதிரி இருந்தது எனக்கு.

“அந்த வண்டி வாணாம்” என்றார் இவர்.

எனக்கு வந்த கோபத்தில், கால் போனாலும் போகட்டும், கம்பெனி போகக்கூடாது, அப்படித்தானே என்று கேட்டேன். பெண்டாட்டி பிள்ளைகளைவிட அந்த இரும்பு உசத்தியா என்றும் கேட்டேன். வழக்கம்போல மணல், சத்தம் என்று ஏதாவது அவிழ்த்துவிடுவார் என்று பார்த்தேன். முழங்காலைத்தான் தடவிக்கொண்டிருந்தார். அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொண்டுவா, நேரில் பார்த்தால் மனசு மாறிவிடும் என்று அண்ணனுக்கு நானே ஆள் அனுப்பினேன்.

வாத்தியார் அல்லவா, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டான். தெருவில் பாவு விரிந்திருந்தது. அன்றைக்கு வெளிர் சந்தன நிறம். கஞ்சி இன்னும் காயவில்லை. அண்ணன் தெருமுனையில் திரும்பி, படபடவென்று உள்ளே நுழைந்துவிட்டான். பின்னால் நீலமாய் ஒரு புகை நீண்டு வந்தது. பாவு பிடித்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள். தன்னை வரவேற்கிறார்கள் என்று நினைத்து இவனும் கையைத் தூக்கினான். எங்கள் அக்கா மட்டும் ஓடிவந்து, கஞ்சி தோய்க்கிற ஈரத்துணியைப் பந்தாகச் சுருட்டி, அந்தச் சைலன்சரின் வாயில் திணித்தாள். வண்டி இருமிவிட்டு நின்றது. செங்கல்பட்டு வாத்தியார் வாயைத் திறந்தபடி அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

நல்லவேளையாகக் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. நாலைந்து பேர் பாவின் மேல் குனிந்து முழம் முழமாகப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்று கையாட்டினார்கள். அதற்கப்புறம்தான் அக்கா மூச்சு விட்டாள்.

“இன்னாம்மா இது, உனுக்குத் தெரியாதா? இந்தப் பொகையில எண்ணெ இருக்குது. ஈரப் பாவுல பட்டா இப்பத் தெரியாது. சேலையாக்கி விரிச்சாத்தான் புள்ளி புள்ளியாத் தெரியும். அப்புறம் யாரு வாங்குவாங்க?”

நான் முழித்தேன். எனக்குத் தெரியாது என்பதை அவளால் நம்ப முடியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் வீடு கேட்டு வந்தபோது, மோட்டார் சைக்கிள்காரனுக்கு வீடு இல்லை என்றுதான் முதலில் சொன்னார்களாம். புகை வராத வண்டி என்று இவர் சொல்லியிருக்கிறார். தெருக்காரர்கள் கூடி, வண்டியை ஓடவிட்டு, பின்னால் வெள்ளைத் துண்டு பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். துண்டு சுத்தமாக இருந்தது. வீடு கொடுத்தார்கள். இந்த வண்டியோடு இருக்கிற வரைக்கும் இரு, வேறு வண்டி வாங்கினால் துண்டு பிடித்துப் பார்ப்போம் என்று ஒரு பேச்சு. மற்ற இரண்டு கம்பெனி வண்டியிலும் பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். அது எண்ணெய்ப் புகைதான் விடும். இதிலும் எஞ்சின் தேய்ந்தால் புகை வந்துவிடும் என்பதால்தான் ஞாயிற்றுக்கிழமைக் கைக்குட்டை. அதனால்தான் ஓடுகிற வண்டியை அழுதுகொண்டே விற்றது. பக்கத்துத் தெருவிலும் பாவு, அதற்கடுத்த தெருவிலும் பாவு. என் அண்ணன் வண்டியை வாங்கிக்கொண்டு, தினமும் பெரிய ரோடு வரை தள்ளிக்கொண்டு போய்க் கிளப்பலாம் என்றால், அதற்கும் முழங்கால் வேண்டும்.

“அப்போ அந்தத் துண்டு திருஷ்டிக்கு இல்லியா அக்கா?” என்று கேட்டேன்.

இந்தத் தடவை அவள் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. நன்றாகவே சிரித்தாள். பூ வேலை செய்த துண்டைப் பெட்டியில் வைத்திருப்பதாகவும், அதைப் புகையில் காட்ட மனசு வராது என்றும் சொன்னாள். சிரித்து முடித்ததும் எங்கள் வாசலில் நின்றிருந்த வண்டியைப் பார்த்தாள். ஒதைக்கறதுக்கு இன்னா பெரிய விசயம், நாள் பூரா தறிக் குழியில ஒக்காந்து மிதிக்கற காலு தெரு முச்சூடும் இருக்குது, ஒரு வார்த்தை கேட்டா ஆவாதா என்றாள்.

பாவைச் சுருட்டியதும் வீட்டுச் சொந்தக்கார அண்ணனே வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கஞ்சி காய்ந்த காலால் கிக்கரை ஒரே மிதி மிதித்தார். வண்டி கிளம்பிவிட்டது. கிராமத்தில் யாராவது தள்ளிக் கிளப்பிக் கொடுப்பார்கள், இங்கே நாங்கள் மிதித்துக்கொடுக்கிறோம் என்று இவரிடம் சொன்னார். இவர் தலையைக் குனிந்துகொண்டு வண்டிக் கண்ணாடியைத் துடைத்தார். என் அண்ணன் தன் வண்டியைப் பெரிய ரோடு வரை வியர்க்க வியர்க்கத் தள்ளிக்கொண்டு போனான். இவர் ஓரிக்கைக்குப் போனார். அங்கே ஒருவர் மட்டும் பஸ் ஸ்டாண்டு மெக்கானிக்கிடம் போகாமல் இவருக்காகக் காத்திருந்தார்.

சாயங்காலம் கிணற்றுச் சேறோடு திரும்பி வந்தவருக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே கேட்டேன். ஊருக்கெல்லாம் ஒரு காரணம் சொல்கிறீர்களே, எனக்காவது நிஜத்தைச் சொல்லியிருக்கக் கூடாதா? பாவு, புகை, வீடு என்று ஒரே வரியில் முடிந்திருக்குமே. நான் உங்களோடு சண்டை போட்டிருக்கவே மாட்டேனே. எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும் இருந்தது.

அவர் வாசல் பக்கம் கையைக் காட்டினார். தெருவில் மூங்கில் கழிகளை யாரோ அடுக்கிவைத்துக்கொண்டிருந்தார்கள்.

“எல்லாத் தெருவுலயும் நீ யாரு, இன்னா ஆளுங்கன்னுதான் கேட்டாங்க. இங்க மட்டும்தான் வண்டி பொகை வுடுமான்னு கேட்டாங்க” என்றார்.

அதை என்னிடம் சொல்வதற்கு என்ன என்றேன்.

“சொன்னா, அதுக்கு முன்னாடி எத்தினி வூட்ல கேட்டேன்னும் நீ கேப்பே இல்ல?”

அவர் சொன்னது சரிதான். கேட்டிருப்பேன். கல்யாணமான முதல் நாளிலிருந்து குடைந்து குடைந்து கேட்டவள் நான். அன்றைக்கும் அந்தக் கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. துணியை மறுபடி வெந்நீரில் நனைத்துப் பிழிந்து முழங்காலில் வைத்தேன். அதற்குப் பிறகு மூன்றாவது வண்டி வந்தது, நான்காவது வந்தது. ஒவ்வொன்றுக்கும் வீட்டுச் சொந்தக்கார அண்ணனோடு சேர்ந்து துண்டின் ஒரு முனையை நான் பிடித்தேன். எத்தனை வீடு என்று மட்டும் கடைசிவரை அவரிடம் கேட்கவில்லை.